ஆல்பிரட் மன்னரின் இரு சிலைகள்: வான்டேஜா, வின்செஸ்டரா?

தென் இங்கிலாந்தில் ஒரு நாள் மட்டுமே கையிலிருந்தால், 9ஆம் நூற்றாண்டில் வெசெக்ஸ் என்ற பழைய ஆங்கிலேய அரசை ஆண்ட மன்னர் ஆல்பிரட்டின் எந்தச் சிலையைப் பார்ப்பது என்ற தயக்கம் நியாயமானதே.

தொடர்பு: வான்டேஜ் அவர் பிறந்த ஊர். வின்செஸ்டர் அவரது தலைநகரும் அவர் அடக்கம் செய்யப்பட்ட இடமுமாகும்.

வரலாறு: வான்டேஜ் சந்தைச் சதுக்கத்தில் நிற்கும் கற்சிலையை விக்டோரியா அரசியின் உறவினரான கிளைக்கன் பிரபு செதுக்க, 1877 ஜூலை 14 அன்று வேல்ஸ் இளவரசர் தம் துணைவியாருடன் வந்து திறந்துவைத்தார். வின்செஸ்டர் சிலை ஹாமோ தோர்னிகிராஃப்டின் படைப்பு. மன்னர் மறைந்த ஆயிரமாண்டு நினைவாக 1901இல் திறக்கப்பட்டது. அவர் இறந்தது 899இல் என்பதே இன்றைய முடிவு என்பதால், விழா சற்றுத் தாமதம்தான்!

உறுதி: வின்செஸ்டரில் கருங்கல் பீடத்தின்மேல் வெண்கலம்; வாளைச் சிலுவைபோல் உயர்த்திப் பிடித்திருக்கிறார். வான்டேஜ் சிலையின் ஒரு கையில் கோடரி, மறுகையில் ஏட்டுச்சுருள். 2007ஆம் ஆண்டின் கடைசி இரவில் விஷமிகள் வலக்கையின் ஒரு பகுதியையும் கோடரியையும் உடைத்தனர். சீர்செய்த பிறகு, 2008 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் கோடரி மீண்டும் பறிபோயிற்று.

பயணம்: வின்செஸ்டருக்கு லண்டன் வாட்டர்லூவிலிருந்து நேரடி ரயில் உண்டு. வான்டேஜில் ரயில் நிலையம் இல்லை; டிட்காட்டில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும்.

கம்பீரமும் வசதியும் வேண்டுவோர்க்கு வின்செஸ்டர் பொருந்தும். போர்வீரரோடு கல்வியை மீட்ட அரசரையும் ஒரே உருவில் காண விரும்புவோர், ஏட்டுச்சுருளுக்காகவே வான்டேஜ் செல்லலாம். என் தேர்வும் அதுவே.