பழைய கார் வாங்குகிறீர்களா? முதலில் ஏர்பேக் விளக்கைப் பாருங்கள்

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் இன்ஜின், டயர், பெயின்ட் எல்லாம் பார்ப்பீர்கள். அதற்கெல்லாம் முன்னால் சாவியைத் திருப்பி, மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். வண்டி சரியாக இருந்தால் அது சில விநாடிகள் எரிந்து தானாக அணையும். அணையாமல் எரிந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றால் இன்னும் மோசம், கோளாறை யாரோ மறைத்திருக்கலாம். எனக்கு விற்ற காரில் அப்படித்தான் மறைத்திருந்தார்கள்.

கோவையில் ஒரு பழைய கார் விற்பனையாளரிடம் 2019 மாடல் கார் ஒன்றை வாங்கினேன். "ஒரே ஓனர், எங்கேயும் இடிக்காத வண்டிங்க சார்" என்றார். முன்னால் இரண்டு ஏர்பேக் உண்டு என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தார்கள். ஓட்டிப் பார்த்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. சில வாரம் கழித்து, பல்லடம் சாலையில் மாடு ஒன்று குறுக்கே வர, பிரேக்கை அழுத்தினேன். முன் சீட்டில் இருந்த அம்மாவின் சீட் பெல்ட் பிடிக்கவே இல்லை, இழுக்க இழுக்க நீண்டு வந்தது. டேஷ்போர்டில் கையை ஊன்றியதால் மணிக்கட்டில் வீக்கத்தோடு தப்பினார்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் காட்டினேன். மெக்கானிக் பெல்ட்டை முழுதாக இழுத்து, அடியில் தைத்திருந்த லேபிளைக் காட்டினார். 2014 என்று இருந்தது. 2019 காரில் 2014 பெல்ட்! காரின் கணினியில் பதிவானதைப் படிக்கும் ஸ்கேனர் கருவியைப் போட்டதும் மிச்சமும் வெளியே வந்தது. வண்டி ஏற்கெனவே பலமாக மோதி, இரண்டு ஏர்பேக்கும் வெடித்திருக்கிறது. அந்தப் பதிவு ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் அப்படியே இருந்தது. ஸ்டியரிங் நடுவில் புது மூடி மட்டும், உள்ளே ஒன்றும் இல்லை. இடதுபக்க டேஷ்போர்டைப் பூசி மெழுகியிருந்தார்கள். எச்சரிக்கை விளக்கு தெரியாமலிருக்க மீட்டருக்குள் கறுப்பு டேப் ஒட்டியிருந்தார்கள்.

அந்த டேப்பைப் பார்த்தபோதுதான் எனக்கு உடம்பு நடுங்கியது. பெல்ட் பழசானது கவனக்குறைவு என்று ஒருவர் சொல்லலாம். டேப் தெரிந்தே ஒட்டியது. நாளை இந்த வண்டியில் ஒரு குடும்பம் உட்காரும் என்று தெரிந்த கை ஒட்டியது.

இது ஏன் உயிர் போகிற விஷயம் என்றால், பெல்ட்டும் ஏர்பேக்கும் சேர்ந்துதான் வேலை செய்யும். மோதிய கணமே பெல்ட்டில் இருக்கும் சிறு வெடிமருந்து அதைப் பின்னுக்கு இழுத்து ஆளைச் சீட்டோடு பிடிக்கும், ஏர்பேக் கண் இமைப்பதற்குள் விரியும். இரண்டும் ஒரே தடவைக்குத்தான். ஒருமுறை வெடித்தால் புதுசுதான் போட வேண்டும். அதற்குச் செலவு அதிகம் என்பதால் உடைத்த வண்டிகளின் பெல்ட்டை மாட்டி, ஏர்பேக் இடத்தைக் காலியாக மூடி விற்கிறார்கள். சிலர் ஏர்பேக் இருப்பதுபோல் காரை ஏமாற்ற, அதன் இணைப்பில் ரெசிஸ்டர் என்ற சிறு மின்தடையைச் சொருகிவிடுவார்கள். அப்போது விளக்கு ஒழுங்காக எரிந்து அணையும், நாமும் ஏமாந்துபோவோம். அதனால் விளக்கோடு நிறுத்தாமல் ஸ்கேனர் போட்டு, ஸ்டியரிங்கையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். எல்லா பெல்ட்டிலும் தேதி பாருங்கள், வெடுக்கென்று இழுத்தால் பிடிக்கிறதா என்றும் பாருங்கள். பதிவு எண்ணைக் கொடுத்து கம்பெனி சர்வீஸ் சென்டரில் விபத்து வேலை நடந்திருக்கிறதா என்று விசாரியுங்கள்.

குறையைச் சரிசெய்ய கம்பெனியே கார்களைத் திரும்ப அழைப்பது உண்டு. அப்படி ஓர் அழைப்பு உங்கள் வண்டிக்கு நிலுவையில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். 2023 ஜனவரியில் மாருதி சுசுகி ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியைச் சோதிக்க 17,362 கார்களைத் திரும்ப அழைத்தது. அதற்கு முந்தைய மாதம்தான் முன் சீட் பெல்ட்டின் ஒரு பாகத்துக்காக 9,125 கார்களை அழைத்திருந்தது. பழைய ஓனர் போகாமல் விட்டிருந்தால் அந்தக் குறை உங்களோடுதான் வரும்.

விற்பனையாளரிடம் போனபோது, "பார்த்துத்தானுங்க சார் எடுத்தீங்க, டெலிவரிக்கு அப்புறம் நாங்க பொறுப்பில்லைங்க" என்றார். இதை நம்பி விட்டுவிடாதீர்கள். விபத்தை மறைத்து விற்றது சேவைக் குறைபாடும் முறையற்ற வணிகமும்தான். விபத்தில் ஏர்பேக் திறக்காத ஒரு ஹூண்டாய் கிரெட்டா கார் உரிமையாளருக்கு 3 லட்சம் ரூபாயும் மாற்று வண்டியும் தரச் சொன்ன டெல்லி மாநில நுகர்வோர் ஆணையத்தின் உத்தரவை 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அது தயாரிப்பாளர் மீதான வழக்கு, என்னுடையது விற்பனையாளர் மீது. ஆனாலும் ஏர்பேக் வேலை செய்யாத கார் குறையுள்ள கார் என்பதை அந்தத் தீர்ப்பு தெளிவாக்கியிருக்கிறது.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன், வக்கீல் நோட்டீசும் போயிருக்கிறது. ஸ்கேனர் அறிக்கை, லேபிள் போட்டோ, பழைய விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் கையில் இருக்கின்றன. வண்டியைச் சர்வீஸ் சென்டரிலேயே நிறுத்திவிட்டேன். அதில் யாரையும் ஏற்றப்போவதில்லை, இன்னொருவர் தலையில் கட்டப்போவதும் இல்லை.