கொம்பும் வாலும் மட்டும் போதுமா?

ஏலியன் காதல் நாவலைக் கையில் எடுத்ததும் ஒன்றைத் தேடிப் பாருங்கள்: இந்த இருவரும் எந்த மொழியில் பேசிக்கொள்கிறார்கள்? காதுக்குப் பின்னால் ஒரு சிப், ஒரு ஊசி, அடுத்த பக்கத்திலேயே பச்சைத் தோல்காரன் சரளமாகக் கிண்டலடிக்கிறான் என்றால் ஆசிரியர் அவசரத்தில் இருக்கிறார். மொழியில் அவசரப்பட்டவர் மற்றதிலும் அவசரப்படுவார். பெரும்பாலும் இந்தக் கணக்கு தப்புவதில்லை.

இந்த வகை நாவல்கள் மூன்று சௌகரியங்களை நம்பி ஓடுகின்றன. ஒன்று மொழிபெயர்ப்பு சிப். அடுத்தது ‘ஃபேட்டட் மேட்’, அதாவது இவளுக்கு இவன்தான் என்று உடம்பே முடிவு கட்டிவிடும் விதிப் பிணைப்பு. மூன்றாவது, எந்தக் கிரகத்தில் பிறந்தவனாக இருந்தாலும் கட்டிலில் எல்லாம் பொருந்திவிடும் உடல்வாகு. இவை இல்லாவிட்டால் கதை நகராது என்பதால் இருப்பதைக் குறை சொல்ல முடியாது. அந்தச் சௌகரியத்துக்குக் கதைக்குள் யாராவது விலை கொடுக்கிறார்களா? சாறும் சக்கையும் அங்கேதான் பிரிகின்றன.

பலரும் இந்தப் பக்கம் வந்தது ரூபி டிக்சனின் ‘ஐஸ் பிளானட் பார்பேரியன்ஸ்’ வழியாகத்தான். 2015இல் ஆசிரியர் தானே வெளியிட்ட மின்னூல். 2021இல் டிக்டாக்கில் பற்றிக்கொண்டு, அதே ஆண்டு இறுதியில் பெர்க்லி பதிப்பகத்தின் அச்சு நூலாக வந்தது. கடத்தப்பட்ட மனிதப் பெண்கள் பனிக் கிரகத்தில் விடப்படுகிறார்கள். அங்கே வாழ்கிற நீலத்தோல், கொம்பு, வால் உள்ள வேட்டைக்காரர்களிடம் பெண்கள் மிகக் குறைவு. கதை என்று பார்த்தால் அவ்வளவுதான். ஆனால் மொழி விஷயத்தில் டிக்சன் அவசரப்படவில்லை. கடத்தப்பட்டவர்களில் ஒருத்தியான ஜார்ஜியும் வேட்டைக்காரன் வெக்டலும் கணிசமான பக்கங்கள் ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாமலேயே கழிக்கிறார்கள். ஜார்ஜி என்ற பெயரே அவன் வாயில் ‘ஷோர்ஷி’ ஆகிவிடுகிறது. அத்தியாயங்கள் இருவர் குரலிலும் மாறி மாறி வருவதால், அவள் ஒன்று நினைக்க அவன் வேறொன்றாக எடுத்துக்கொள்வது வாசகருக்கு மட்டும் தெரியும். புத்தகத்தின் சிரிப்பு முழுக்க அங்கேதான் இருக்கிறது. பழைய விண்கலத்தின் கணினி மொழியைக் கொடுத்த பிறகு அந்தச் சிரிப்பில் பாதி போய்விடுகிறது என்பதும் உண்மை.

அதே தொடரின் மூன்றாம் புத்தகம் ‘பார்பேரியன் லவர்’ இன்னும் ஒரு படி மேலே போகிறது. அந்தப் பெண்களில் இன்னொருத்தியான கீராவின் காதில் கடத்தல்காரர்கள் பொருத்திய மொழிபெயர்ப்புக் கருவி அப்படியே இருக்கிறது. முதல் புத்தகத்தில் எல்லோருக்கும் கைகொடுத்த அந்தக் கருவியை வைத்தே இப்போது அவர்கள் திரும்பி வந்து அவளைக் கண்டுபிடிக்க முடியும். அவள் அங்கே இருப்பதே மற்றவர்களுக்கு ஆபத்து. சௌகரியத்துக்கு விலை என்றது இதைத்தான். தொடரில் ஒன்றே ஒன்று படிக்க நேரமிருந்தால் முதல் புத்தகத்தைப் படியுங்கள். இரண்டுக்கு நேரமிருந்தால் இரண்டாவதைத் தாண்டி இதற்கு வந்துவிடலாம்.

பிணைப்பு விஷயத்தில் தொடருக்கு அவ்வளவு நல்ல மதிப்பெண் போட முடியாது. கூய் என்ற புழு மாதிரியான ஒட்டுயிர் உடலுக்குள் இல்லாமல் அந்தக் கிரகத்தில் ஒரு வாரம் கூடத் தாங்குவது கஷ்டம். அங்குள்ள காற்றே விஷம். ஆக, புழுவை ஏற்றுக்கொள் அல்லது செத்துப்போ. நல்ல நெருக்கடி இது. டிக்சன் அதைத் தைரியமாகவே எழுதுகிறார். ஆனால் அதே கூய்தான் ஜோடியையும் தேர்ந்தெடுக்கிறது. பொருத்தமானவன் அருகே வந்ததும் நெஞ்சுக்குள் அதிர ஆரம்பிக்கிறது, கரு தங்கும் வரை விடுவதில்லை. உயிர்வாழ்வதற்காக ஏற்றுக்கொண்ட ஒன்று கல்யாணத்தையும் பிள்ளையையும் சேர்த்து முடிவு செய்கிறதே, இதைப் பற்றி அந்தப் பெண்களுக்குக் கோபமே வராதா? வருகிறது, இரண்டு அத்தியாயம். பிறகு அவன் நல்லவன் என்று தெரிந்ததும் அடங்கிவிடுகிறது. அவன் நல்லவன் என்பதும் அவளுக்குத் தேர்வு இருந்தது என்பதும் ஒன்றல்ல. இந்த வகையின் ஆசிரியர்கள் பாதிப் பேர் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

பிணைப்பைச் சரியாகப் பயன்படுத்த வழியே இல்லையா என்றால், இருக்கிறது. உடம்பு முதலில் முடிவு செய்து மனம் பின்தங்கும்போது அந்த இடைவெளியில்தான் கதை. அவனுக்கு அதிர்கிறது, அவளுக்கு இல்லை. அல்லது பிடிக்காத இருவருக்கும் ஒரே நேரத்தில் அதிர்கிறது. அல்லது வேறொருத்தியைக் காதலிக்கிறவனுக்கு அதிர்கிறது. இப்படி ஏதாவது ஒரு கோணல் இல்லாத பிணைப்பு, முதல் சந்திப்பிலேயே கதையை முடித்துவிடுகிறது. மிச்சமுள்ள முந்நூறு பக்கமும் வெறும் காத்திருப்பு.

பிணைப்பே தேவையில்லை என்று காட்டிய புத்தகம் கிரேஸ் டிரேவனின் ‘ரேடியன்ஸ்’. ஏலியன் அல்ல, கற்பனை உலகம். ஆனால் இந்த அலமாரியில் இதற்கு இணையாக இன்னொன்று சொல்வது கடினம். அரசியல் காரணத்துக்காகப் பேசி முடித்த திருமணம். பிரிஷன், ‘காய்’ என்ற இனத்தின் இளவரசன்: சாம்பல் நிறத் தோல், கோரைப் பல், கருமணி இல்லாத மஞ்சள் கண், இரவில் விழித்திருப்பவன். இல்டிகோ மனுஷி. சந்தித்த நாளிலிருந்தே இருவருக்கும் மற்றவர் அவலட்சணம். அதை ஒளிக்காமல் முகத்துக்கு நேரே சொல்லிக்கொள்கிறார்கள். அவள் தோலைப் பார்த்தால் அவனுக்குச் சாயம் எடுக்க வேகவைக்கிற கிளிஞ்சல் பூச்சி ஞாபகம் வருகிறது. வெள்ளைவிழிக்குள் கருவிழி அங்குமிங்கும் ஓடுவதைப் பார்த்தால் குமட்டுகிறது. இது தெரிந்ததும் இல்டிகோ என்ன செய்கிறாள்? வேண்டுமென்றே மாறுகண் போட்டுக் காட்டி அவனை அலற வைக்கிறாள்.

சாப்பாட்டு மேஜைக் காட்சியை நிதானமாகப் படியுங்கள். காய் இனத்தாரின் விருந்துப் பண்டம் ஒன்றுக்குள் உயிரோடு நெளிகிற, கொடுக்குள்ள பிராணி. இல்டிகோ அதைக் கொன்றுதான் தின்ன வேண்டும். சரி, அது நமக்கும் அருவருப்பு. ஆனால் பிரிஷனுக்கு அதே அளவு அருவருப்பு தருவது எது தெரியுமா? உருளைக்கிழங்கு. வெந்த உருளைக்கிழங்கு அவன் கண்ணுக்குப் புழு மாதிரி தெரிகிறது. இந்த ஒற்றை உருளைக்கிழங்கில் டிரேவன் செய்திருப்பதை, கொம்பும் வாலும் பற்றிப் பத்துப் பக்கம் வருணிக்கிறவர்களால் செய்ய முடிவதில்லை. மனிதரைப் பார்த்து அந்நியன் என்ன நினைக்கிறான் என்பது வெளிவந்தால்தான் அவன் அந்நியன். இல்லாவிட்டால் சாயம் பூசிய ஜிம் மாஸ்டர்.

குறை இல்லாமல் இல்லை. இருவரும் மெல்ல மெல்ல நண்பர்களாவதில் டிரேவன் மெனக்கெட்ட அளவுக்கு வெளியிலிருந்து வரும் ஆபத்தில் மெனக்கெடவில்லை. பாதி தாண்டிய பிறகு வன்முறை சட்டென்று கூடுகிறது. சித்திரவதைக் காட்சி ஒன்று கடுமையானது. கடைசிப் பக்கங்கள் அடுத்த புத்தகமான ‘ஐடோலன்’ பக்கம் கையைப் பிடித்து இழுக்கின்றன. அது வேறு மாதிரிப் போர்க்கதை, இந்த நகைச்சுவையை அங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

உடல்வாகு என்ற மூன்றாவது சௌகரியத்துக்கு விலை கொடுத்தவர் ஆன் அகீரே. 2020இல் வந்த ‘ஸ்ட்ரேஞ்ச் லவ்’ நாயகன் ஸைலார், ஜோடி சேரும் போட்டியில் நான்கு முறை தோற்றவன். இந்தத் தடவையும் தோற்றால் இனி ஆயுசுக்கும் துணை கிடையாது. பொருத்தம் பார்த்த பெண்ணை அழைத்து வரப் போனவன், சூரிய வெடிப்பாலும் கலத்தின் கோளாறான கணினியாலும் வழிதவறி, பெரில் என்ற மனுஷியையும் அவள் நாயையும் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். சிப் இங்கேயும் உண்டு. ஆனால் அது நாய்க்கும் பொருத்தப்பட்டுவிடுகிறது. அப்புறம் நாய் பேச ஆரம்பித்துவிடுகிறது. ஸைலாரின் உடல் மனித உடலே அல்ல. எங்கே தொட்டால் பிடிக்கும், எங்கே தொட்டால் வலிக்கும் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். சம்மதம் என்பதைப் பிரசங்கம் செய்யாமல் காட்சியாகவே காட்ட இதைவிட நல்ல வழி இல்லை. நடுவில் போட்டிச் சுற்றுகள் வரிசையாக வரும் இடம் மட்டும் கொஞ்சம் தேங்குகிறது.

உடம்பைப் பற்றி ஒரு சின்னக் கேள்வித்தாள். கொம்பு உள்ளவன் எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குவான்? சட்டையைத் தலைவழியாகப் போட முடியுமா? வால் இருப்பவன் நாற்காலியில் உட்கார்ந்தால் அது எங்கே போகும்? கோரைப் பல்லோடு முத்தம் எப்படி? கட்டிலில் மட்டும் நினைவுக்கு வந்து, கதவு நிலையில் மறந்துபோகிற கொம்பு ஒட்டவைத்த கொம்பு. ஆசிரியர் அந்த உடம்போடு ஒரு நாள் முழுக்க வாழ்ந்து பார்த்திருக்கிறாரா என்பது இரண்டே அத்தியாயத்தில் தெரிந்துவிடும். குரலுக்கும் இதே சோதனை: அத்தியாயத் தலைப்பில் உள்ள பெயரைக் கையால் மறைத்துவிட்டுப் படியுங்கள். பேசுவது அவனா அவளா என்று தெரியாவிட்டால் தேறாது. கடிகாரமே இல்லாத கிரகத்தில் பிறந்தவன் ‘ஐந்து நிமிடம்’ என்று யோசித்தால் புத்தகத்தை மூடிவிடலாம். மாதிரிப் பக்கங்களை இலவசமாகத் தருகிறார்கள். இதையெல்லாம் வாங்குவதற்கு முன்பே பார்த்துவிட முடியும்.

சி.எம். நஸ்கோஸ்டாவின் ‘மார்னிங் குளோரி மில்கிங் ஃபார்ம்’ பெயரைக் கேட்டே பலர் ஓடிவிடுகிறார்கள், அல்லது அதற்காகவே வருகிறார்கள். காளைத்தலை மினோட்டார்களின் விந்தைச் சேகரித்து மருந்து தயாரிக்கும் நிறுவனம். படிப்புக் கடனில் மூழ்கிய வயலெட் அங்கே வேலைக்குச் சேர்கிறாள். பச்சையான புத்தகம்தான், மறைக்க ஒன்றுமில்லை. வியப்பு என்னவென்றால், இது வேலை பற்றிய நாவலாக அற்புதமாக நிற்கிறது. வேலை முறை, வாடிக்கையாளரோடு வைத்துக்கொள்ள வேண்டிய இடைவெளி, மாதக் கடைசிக் கணக்கு, பல இனங்கள் சேர்ந்து வாழும் ஊரில் புதிதாகக் குடியேறியவளின் தயக்கம். விதிப் பிணைப்பு தலையிடாமல், பழகிப் பழகி வருகிற காதல். பரபரப்பு தேடுகிறவர்களுக்கு ஆறிய காப்பி. வில்லன் என்று சொல்லவே ஆளில்லை.

நீளும் தொடர்கள் பற்றி ஒரு வார்த்தை. இந்த வகையின் பெரும்பகுதி அமேசானின் கிண்டில் அன்லிமிடெட்டில் இருக்கிறது. 2014 ஜூலையில் தொடங்கிய சந்தா அது; 2015 ஜூலையிலிருந்து வாசிக்கப்பட்ட பக்கக் கணக்கில் ஆசிரியருக்குப் பணம் போகிறது. பக்கம் கூடினால் வரவு கூடும், தொடர் நீண்டால் இன்னும் கூடும். அதனால்தான் ஆறாம் ஏழாம் புத்தகத்தில் பழைய ஜோடிகள் எல்லாரும் கைக்குழந்தையோடு வரிசையாக வந்து தலைகாட்டிவிட்டுப் போகிறார்கள். முதல் மூன்றில் பசி, குளிர், பகை என்று இருந்த கிரகம் அதற்குள் குடியிருப்புக் காலனி ஆகிவிடும். அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், வரிசைப்படி முடித்தே தீர வேண்டும் என்று கட்டாயம் எதுவுமில்லை. அந்தச் சந்தாவில் சேர்த்த மின்னூலை ஆசிரியர் வேறு கடைகளில் விற்கக் கூடாது என்பதும் நிபந்தனை. 

எச்சரிக்கைப் பக்கத்தைத் தாண்டிப் போகாதீர்கள். கடத்தல், சிறை, கட்டாயக் கர்ப்பம், சம்மதம் தெளிவில்லாத உறவு ஆகியவை இந்த வகையில் சர்வசாதாரணம். ‘ஐஸ் பிளானட்’ முதல் புத்தகத்திலேயே கடத்தல் கலத்தில் பாலியல் வன்முறை இருக்கிறது. பின்னால் வரும் விளையாட்டுத்தனத்தை நினைத்து ஏமாறக் கூடாது. கார்ட்டூன் அட்டையை நம்பிப் பதின்வயதினருக்குப் பரிசளிப்பதும் வேண்டாம். அட்டை எவ்வளவு இனிப்போ உள்ளே அவ்வளவு காரம் இருக்கலாம்.

சுபமுடிவு இந்த அலமாரியின் எழுதாத ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்கும் ஒன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: ரேச்சல் இங்கல்ஸின் ‘மிஸஸ் காலிபன்’, 1982. ஒரே மூச்சில் படித்துவிடக்கூடிய குறுநாவல். ஆய்வு நிறுவனத்திலிருந்து தப்பிய தவளை மனிதன் லாரி, டோரதியின் சமையலறைக்குள் வந்து நிற்கிறான். அவகாடோ என்றால் அவனுக்கு உயிர். கணவனுக்குத் தெரியாமல் வீட்டிலேயே அவனை ஒளித்து வைத்துக்கொண்டு வாங்கிவந்து போடுகிறாள். வந்த நாளிலேயே அவன் அவளோடு மரியாதையாகப் பேசுகிறான்; சிப்பும் இல்லை, மந்திரமும் இல்லை. அந்த மொழியை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அவனைக் கூண்டில் வைத்துச் சித்திரவதை செய்தவர்கள்.