பறக்கும் ரயில் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்ற 14 மாதங்கள்: மாற்று வழிகள் ஓர் ஒப்பீடு

2023 ஆகஸ்ட் 27 முதல் 2024 அக்டோபர் 28 வரை, சென்னையில் வேளச்சேரியிலிருந்து கடற்கரை நோக்கி வந்த பறக்கும் ரயில்கள் (பெரும்பகுதி தூண்கள்மேல் உயர்ந்த பாதையில் ஓடும் நகர ரயில்கள்) அனைத்தும் சிந்தாதிரிப்பேட்டையிலேயே பயணத்தை முடித்துக்கொண்டு திரும்பின. அதற்கு அப்பால் உள்ள பூங்கா நகர், கோட்டை, கடற்கரை ஆகிய மூன்று நிலையங்களுக்கும் அந்தத் தடத்தில் ரயில் கிடையாது. கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே 4.3 கிலோமீட்டருக்கு நான்காவது பாதை அமைக்கும் பணியே காரணம். ஏழு மாதங்களில் பணி முடியும் என்று அறிவித்துத் தொடங்கிய அடைப்பு, அதைப்போல் இரண்டு மடங்கு காலம் நீண்டது. திருவான்மியூரிலிருந்து ராஜாஜி சாலைக்கு அன்றாடம் சென்று வரும் நான், இந்தப் 14 மாதங்களில் இருந்த மாற்று வழிகள் எல்லாவற்றையும் ஏறக்குறைய முயன்று பார்த்துவிட்டேன். அவற்றில் எது யாருக்கு ஏற்றதாக இருந்தது என்பதை இங்கே அலசுகிறேன்.

முதலில் இழந்தது என்ன என்பதைச் சரியாகக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். வரைபடத்தைப் பார்ப்பவருக்கு, 18 நிலையங்கள் கொண்ட தடத்தில் மூன்று மட்டுமே விடுபட்டதாகத் தோன்றும். தாம்பரம் தடத்து ரயில்கள் கோட்டையிலும் கடற்கரையிலும் வழக்கம்போல் நின்று சென்றன என்பதால், பாதிப்பு இன்னும் சிறியதாகவே தெரியும். ஆனால் அந்த மூன்று நிலையங்கள்தான் பறக்கும் ரயிலை நகரத்தின் மற்ற ரயில் தடங்களோடு பிணைத்த மூட்டு. திருவள்ளூரிலோ பொன்னேரியிலோ ஏறி, சென்ட்ரலை ஒட்டிய புறநகர் ரயில் நிலையமான மூர் மார்க்கெட் வளாகத்தில் இறங்குபவர், சாலையைக் கடந்து பூங்கா நகருக்கு வந்து, கையில் இருக்கும் அதே பயணச்சீட்டோடு தரமணி வரை போய்விடுவார். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளுக்கு வாசலுக்கு மிக அருகில் இருந்த நிலையங்களில் பூங்கா நகரும் ஒன்று. தலைமைச் செயலக ஊழியர்களுக்குக் கோட்டை. உயர் நீதிமன்றத்துக்கும் பாரிமுனைக் கடைகளுக்கும் செல்வோருக்குக் கடற்கரை. அந்த மூட்டு கழன்றபோது, தென்சென்னையிலிருந்து வந்த ரயில், போக வேண்டிய இடத்துக்கு ஒன்றரை, மூன்று கிலோமீட்டர் முன்னதாகவே ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டியாகிவிட்டது.

ஆகவே மாற்று வழிகளை எடைபோடும்போது கட்டணம், நேரம் ஆகிய இரண்டை மட்டும் வைத்துப் பார்ப்பது போதாது என்பது என் எண்ணம். எத்தனை முறை இறங்கி ஏற வேண்டியிருக்கிறது என்பதே பெரிய செலவு. ஒவ்வொரு இறங்கலும் ஒரு படிக்கட்டு, ஒரு காத்திருப்பு, பெரும்பாலும் ஒரு புதிய பயணச்சீட்டு.

பெரும்பாலோர் முதலில் தேர்ந்தெடுத்தது, பழைய பழக்கத்தை விடாமல் சிந்தாதிரிப்பேட்டை வரை ரயிலிலேயே வந்து, அங்கிருந்து மிச்சத் தூரத்தைச் சமாளிப்பது. பத்து ரூபாயில் வேளச்சேரியிலிருந்து அவ்வளவு தூரம் வந்துவிடலாம் என்பது இதன் பலம். பலவீனம் இரண்டு இடங்களில் வெளிப்பட்டது. ஒன்று, அடைப்புக்கு முன்பு நாளொன்றுக்கு 120-க்கு மேல் இருந்த சேவைகள் 80 ஆகக் குறைக்கப்பட்டன. இரு திசைகளையும் சேர்த்த எண்ணிக்கை இது என்பதால், ஒரு திசைக்கு நாள் முழுவதற்கும் 40 வண்டிகள்தான். நெரிசல் நேரம் போக மற்ற வேளைகளில் ஒன்றைத் தவறவிட்டால் அரை மணி நேரம்கூட நடைமேடையில் உட்கார வேண்டியிருந்தது. இரண்டாவது, இறங்கிய பிறகான சிக்கல். கடற்கரை, கோட்டை, பூங்கா நகர் நிலையங்களில் பறக்கும் ரயில் தரைமட்டத்தில் ஓடுகிறது. சிந்தாதிரிப்பேட்டையிலோ அது உயரத்தில் நிற்கிறது. ரயில் வந்து நின்றதும் முந்நூறு, நானூறு பேர் ஒரே படிக்கட்டை நோக்கித் திரும்புவார்கள். மருத்துவமனைக் கோப்பையும் எக்ஸ்ரே உறையையும் மார்போடு அணைத்துக்கொண்டு, கைப்பிடிச் சுவர் ஓரமாக ஒதுங்கி, கூட்டம் முழுவதும் வடிந்த பிறகு ஒவ்வொரு படியாக இறங்கிய முதியவர்களை அங்கே எந்தக் காலையிலும் பார்க்கலாம். பூங்கா நகரில் இறங்கியிருந்தால் இவ்வளவு படிகள் அவர்களுக்கு இருந்திருக்காது.

கீழே வந்தபின் மூன்று கிளைகள் பிரிந்தன. கால் வலுவுள்ளவர்கள் பல்லவன் சாலை வழியாக சென்ட்ரல் வரை நடந்தார்கள். இருபது நிமிடத்துக்குள் முடிகிற நடைதான், ஆனால் வெயிலிலும் கூவத்தின் காற்றிலும் அது நீளமாகவே தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலை ஒட்டிய நாட்களில் நடை என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போனது. அடுத்தது, சிம்சன் நிறுத்தத்துக்கு வந்து பாரிமுனைப் பேருந்தையோ பங்கு ஆட்டோவையோ பிடிப்பது. இதில் காத்திருப்பு எவ்வளவு என்பதை முன்கூட்டிச் சொல்லவே முடியாது. மூன்றாவது கிளை, பத்து நிமிடம் நடந்து அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்துக்குச் சென்று, அங்கிருந்து ஒரு நிறுத்தத்தில் சென்ட்ரலையும், அடுத்ததில் உயர் நீதிமன்றத்தையும், அதற்கடுத்ததில் மண்ணடியையும் அடைவது. என் கணிப்பில், சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து பிரிந்த கிளைகளில் நம்பத்தகுந்தது இது ஒன்றுதான். மெட்ரோவின் குறைந்தபட்சக் கட்டணம் பத்து ரூபாய்; பயண அட்டை வைத்திருந்தால் அதிலும் 20 சதவீதம் தள்ளுபடி. வேளச்சேரியிலிருந்து சிந்தாதிரிப்பேட்டை வரை கொடுத்த அதே அளவு பணத்தை ஒரே ஒரு நிறுத்தத்துக்குக் கொடுக்கிறோமே என்ற உறுத்தல் இருந்தாலும், நகரும் படிக்கட்டும் மின்தூக்கியும் இருந்ததால் நோயாளிகளை அழைத்து வருபவர்களுக்கு நான் இதையே சொல்வேன்.

இதற்கு நேர் போட்டியாக இருந்தது, ரயிலையே மறந்துவிட்டு நேரடிப் பேருந்தில் ஏறிவிடுவது. திருவான்மியூரிலிருந்து அடையாறு, சாந்தோம், கடற்கரைச் சாலை வழியாகப் பாரிமுனையைத் தாண்டி டோல்கேட் வரை செல்லும் 6டி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நேரத்தை மட்டும் பார்த்தால் பேருந்து தோற்றுவிடும். பறக்கும் ரயில் முழுத் தடத்திலும் ஓடிய நாட்களில் வேளச்சேரியிலிருந்து கடற்கரைக்கு முக்கால் மணி நேரத்தை ஒட்டியே ஆகும். அதைவிடக் குறைந்த தூரத்துக்குப் பேருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது சாதாரணம். போதாக்குறைக்கு, மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பணிக்காக அடையாறு, மந்தைவெளி, மயிலாப்பூர், ராயப்பேட்டை என்று தென்சென்னைச் சாலைகள் பல அப்போது தோண்டப்பட்டும் திருப்பிவிடப்பட்டும் கிடந்தன. ரயில் பணிக்காக ரயிலை நிறுத்திய அதே காலத்தில், அதன் பயணிகள் போய்ச் சேர வேண்டிய சாலைகளும் இன்னொரு ரயில் பணிக்காக ஒடுங்கிப் போயிருந்தன.

இவ்வளவு இருந்தும், பெண்களுக்கு இந்த வழியே மேலானதாக இருந்தது என்றுதான் நான் முடிவு செய்கிறேன். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. பாரிமுனைக் கடைகளில் வேலை செய்யும் பெண் ஒருவர் ரயிலும் மெட்ரோவுமாக வந்தால், அட்டைத் தள்ளுபடி போகவும் போக வர நாளொன்றுக்கு முப்பத்தைந்து ரூபாய்க்கு மேல் ஆகும். மாதத்துக்கு அது தொள்ளாயிரத்தைத் தாண்டும். பேருந்தில் அது சுழியம். ஏறிய இடத்தில் ஓர் இருக்கை கிடைத்துவிட்டால், இறங்கும் வரை வேறு யோசனையே வேண்டாம். எனக்குத் தெரிந்த சிலர், அடைப்பு முடிந்து ரயில் மீண்டும் ஓடத் தொடங்கிய பிறகும் பேருந்தை விடவில்லை. அரை மணி நேரம் முன்னதாக வீட்டை விட்டுக் கிளம்பும் பழக்கம் வந்துவிட்டது என்கிறார்கள். அந்த அரை மணி நேரத்தின் விலையைக் கணக்கில் எழுதாததால்தான் பேருந்து மலிவாகத் தெரிகிறது என்று வாதிடலாம். ஆனால் மாதச் சம்பளத்தில் தொள்ளாயிரம் ரூபாய் என்ன என்பதை அறிந்தவர் அப்படி வாதிட மாட்டார்.

ஆண்களின் கணக்கு வேறு. மாநகரப் பேருந்தின் ஆயிரம் ரூபாய் மாதாந்திர அட்டையை எடுத்துவிட்டால் எத்தனை பேருந்து மாறினாலும் கவலையில்லை என்ற வசதி உண்டு. ஆயினும் ரயிலின் சீசன் டிக்கெட்டைப் போல் பல மடங்கு அது. ஆகவே அட்டை வாங்குவதற்கு முன்பு, ஒரு நாளில் குறைந்தது மூன்று பேருந்துகளாவது ஏறுவோமா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது போட்டியாளர் வேளச்சேரி, பெருங்குடிப் பகுதியினருக்கு மட்டுமே பொருந்துவது: வடக்கே போவதற்கு முதலில் மேற்கே போவது. பேருந்தில் கிண்டிக்கு வந்து, தாம்பரம்–கடற்கரை மின்சார ரயிலில் ஏறிவிட்டால், பூங்கா (பூங்கா நகர் அல்ல, தாம்பரம் தடத்தில் உள்ள வேறு நிலையம்), கோட்டை, கடற்கரை மூன்றுக்கும் நேரடியாகப் போகலாம். ஒரே ஒரு மாற்றம்தான். நெரிசல் நேரத்தில் அந்தத் தடத்தில் வண்டிகள் அடுத்தடுத்து வருகின்றன. அரசு பொது மருத்துவமனைக்குச் செல்பவருக்குப் பூங்கா நிலையம், பூங்கா நகர் அளவுக்கே பக்கம். அவசரம் என்றால் கிண்டியிலிருந்து மெட்ரோவையும் பிடிக்கலாம். காகிதத்தில் பார்த்தால் இதைவிடச் சிறந்த வழி இல்லை. நடைமுறையில் இதன் தலைவிதியை நிர்ணயித்தது, வேளச்சேரியிலிருந்து கிண்டி வரும் அந்தச் சில கிலோமீட்டர் சாலை. காலை எட்டரை மணிக்குப் பிறகு அந்தச் சாலையை நம்பி எவருக்கும் நேரம் சொல்ல முடியாது. எட்டு மணிக்கு முன்பு கிளம்பக்கூடியவருக்கு இது முதல் தேர்வு. ஒன்பதுக்குக் கிளம்புபவருக்குக் கடைசித் தேர்வு. திருவான்மியூர், மயிலாப்பூர்க்காரர்கள் இதை நினைத்துப் பார்க்கவே தேவையில்லை.

இந்த இடத்தில் ஒரு பெருமூச்சைத் தவிர்க்க முடியவில்லை. வேளச்சேரியையும் பரங்கிமலையையும் இணைக்கும் ஐந்து கிலோமீட்டர் பறக்கும் ரயில் நீட்டிப்பு அந்த 14 மாதங்களில் ஓடிக்கொண்டிருந்தால், தடத்தின் வடக்கு முனை அடைபட்டபோது தெற்கு முனை வழியாகவே பயணிகள் வெளியேறித் தாம்பரம் தடத்துக்கு மாறியிருப்பார்கள். வேளச்சேரிக்காரர்கள் சாலையில் கால் வைக்க வேண்டியே இருந்திருக்காது. நிலச் சிக்கலால் பல்லாண்டுகள் கிடப்பில் கிடந்த திட்டம் அது. ஒரு முனை மட்டுமே மற்ற தடங்களோடு இணைந்திருந்த ரயில் பாதையில் அந்த முனையையே அடைத்ததுதான் இந்தச் சங்கடத்தின் வேர்.

இருசக்கர வாகனத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நேரத்தில் எல்லா வழிகளையும் வெல்லும். பாரிமுனையில் வண்டியை நிறுத்த இடம் தேடும்போது வென்ற நேரத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிடும். இரண்டு பேர் ஒரே வண்டியில் போனால் மட்டுமே பெட்ரோல் செலவு கட்டுப்படியாகும்.

பயணிகளின் வழிகளை ஒப்பிட்டதைப் போலவே, அடைப்பை நடத்திய முறையையும் வேறு முறையோடு ஒப்பிட வேண்டும். இரவிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் மட்டும் நிறுத்தி வேலை செய்திருக்கலாமே என்ற கேள்வி அப்போது பரவலாக எழுந்தது. புதிய பாதைக்கு இடம் விடுவதற்காக, ஓடிக்கொண்டிருந்த பறக்கும் ரயில் தண்டவாளங்களையும் நடைமேடைகளையுமே பெயர்த்து நகர்த்த வேண்டியிருந்ததால், முழு அடைப்பு தவிர்க்க முடியாதது என்ற விளக்கத்தை நான் ஏற்கிறேன். முதலில் பேசப்பட்டபடி சேப்பாக்கத்தோடு நிறுத்தாமல் சிந்தாதிரிப்பேட்டை வரை வண்டியை விட்டதும் நல்ல முடிவே. அந்த ஒரு நிலையம்தான் சென்ட்ரலை நடக்கும் தூரத்துக்குக் கொண்டுவந்தது. ஏற்க முடியாதது, தேவையான நிலம் முழுவதும் கைக்கு வருவதற்கு முன்பே ஏழு மாதம் என்று நாள் குறித்ததுதான். ஏழு மாதம் என்றால் சகித்துக்கொண்டு ரயிலிலேயே வரலாம். பதினான்கு மாதம் என்று தெரிந்திருந்தால் பலர் முதல் வாரத்திலேயே வேறு வழியையோ, வாடகை வீட்டையோகூட மாற்றியிருப்பார்கள். இணைப்புப் பேருந்துகளைச் சிந்தாதிரிப்பேட்டையில் ரயில் வந்து நிற்கும் நேரத்தோடு பொருத்தி, ரயில் டிக்கெட்டையே அதற்கும் செல்லுபடியாக்கியிருந்தால் இந்த ஒப்பீட்டின் முடிவே மாறியிருக்கும். மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே செயலியில் டிக்கெட் எடுக்கும் ‘சென்னை ஒன்’ 2025 செப்டம்பரில்தான் வந்தது. அடைப்பு முடிந்து ஏறத்தாழ ஓராண்டு கழித்து.

2024 அக்டோபர் 29 அன்று வேளச்சேரி வண்டி மீண்டும் கடற்கரைக்கு வந்தது. ஆனால் பூங்கா நகரில் பணி முடியாததால் அங்கே மட்டும் நிற்காமல் கடந்து சென்றது. ராஜாஜி சாலைக்குப் போகும் எனக்கு அன்றோடு தொல்லை தீர்ந்தது. மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கு ஒப்பீடு இன்னும் சில காலம் தொடர்ந்தது. பழையபடி சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி மெட்ரோவைத் தேடுவதைவிட, ஜன்னல் வழியே பூங்கா நகரைப் பார்த்தபடியே கோட்டை வரை போய், அதே நிலையத்தில் தாம்பரம் செல்லும் ரயிலுக்கு மாறி, ஒரு நிறுத்தம் பின்னோக்கிப் பூங்காவுக்கு வருவது அவர்களுக்கு எளிதாக இருந்தது. கடந்து போன இடத்துக்கே திரும்பி வரும் வழிதான். ஆனாலும் சிந்தாதிரிப்பேட்டையின் படிக்கட்டில் இறங்கிச் சாலையில் நடக்க வேண்டியதில்லை.