எம்எஸ்ஸும் இரவு வியர்வையும்: ஏசியா, மின்விசிறியா?

மல்டிபிள் ஸ்கிலரோசிஸ் (எம்எஸ்) என்ற நரம்பு நோய் இருப்பவர்களுக்கு ராத்திரிப் புழுக்கம் வெறும் எரிச்சல் இல்லை. உடல் சூடு அரை டிகிரி ஏறினாலே, மையலின் என்ற பாதுகாப்பு உறை சிதைந்த நரம்பில் செய்தி தடுமாறி, பார்வை மங்கலாம், கால் தளரலாம். ஊத்தாஃப் விளைவு என்பார்கள், சூடு தணிந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மின்விசிறி மலிவு. ஆனால் அது காற்றைக் குளிர்விப்பதில்லை, வியர்வையை உலர்த்துகிறது, அவ்வளவுதான்; காற்றில் ஈரம் கனத்த ராத்திரியில் அதுவும் சரியாக நடக்காது. ஏசி ஈரத்தையும் இழுத்துவிடும் என்பதால் என் ஓட்டு அதற்கே, கரண்ட் பில் வலித்தாலும். குளிரில் தசை இறுகுகிறவர்கள் 26 டிகிரியில் வைத்து, கூடவே விசிறியை மெதுவாக ஓடவிடலாம்.

அப்புறம், வியர்வை புதிதாகத் தொடங்கியிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். செர்ட்ரலின் மாதிரி மனச்சோர்வு மாத்திரை, தைராய்டு, தொற்று என எதுவும் காரணமாக இருக்கலாம். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.