சுக்கா, நன்னாரியா?
ஆயுர்வேதம் நாவின் ருசியைவிட உடம்பின் வாத, பித்த, கப நிலையைப் பார்த்தே மூலிகைத் தேநீரைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. சுக்கு சூடான இயல்புடையது. வாதத்தையும் கபத்தையும் தணிக்கும், பசியைத் தூண்டும். கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஆண்டில் 2 பருவமழை. ஜூனில் மார்த்தாண்டம் பக்கம் நாள் முழுக்கத் தூறும்போது, தட்டிய சுக்கு, மல்லி, நாலு மிளகு, பனங்கருப்பட்டி போட்டுக் கொதிக்கவைத்த சுக்குக் காப்பிக்கு ஈடாக நான் எதையும் சொல்லமாட்டேன். கருப்பட்டி மட்டும் சீனி கலக்காததாக இருக்க வேண்டும். கலந்தால் வாசனையே போய்விடும்.

ஆனால் நெஞ்செரிச்சல் உள்ள பித்த உடம்புக்கு அதே சுக்கு எரிகிற தீயில் எண்ணெய். அவர்களுக்கு நன்னாரி வேர்தான். குளிர்ச்சியானது, பித்தத்தை அடக்கும். வேரை நசுக்கி, வெந்நீரில் மூடிவைத்து, ஆறியபின் குடிக்கலாம். ஏப்ரல் வெயிலில் எனக்கும் அதுவே. சளி பிடித்த நாளில் மட்டும் வேண்டாம்.