பேரீச்சை எரிகட்டி: மூன்று மாதம் எரித்துப் பார்த்த அனுபவம்

பேரீச்சை மரக் கழிவை அரைத்து அழுத்திச் செய்த எரிகட்டியை மூன்று மாதமாக விறகடுப்பில் போட்டு எரிக்கிறேன். வாங்கலாமா என்றால் தாராளமாக வாங்கலாம், ஆனால் மரத்தின் எந்தப் பாகத்தில் செய்தது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். நான் கேட்காமல் வாங்கி முதல் மூட்டையில் பட்டுவிட்டேன்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். கட்டி கைக்குக் கனமாக இருக்கிறது, நடுவில் துளை இருப்பதால் காற்று உள்ளே போய் சீக்கிரம் பற்றிக்கொள்கிறது. பற்றும்வரை கொஞ்சம் புகை வரும், அப்புறம் நின்று நிதானமாக எரிந்து, சுவாலை அடங்கிய பிறகும் நல்ல தணல் நிற்கிறது. பசை எதுவும் சேர்ப்பதில்லை, அழுத்தும்போது உண்டாகும் சூட்டில் நாரை இயற்கையாகப் பிணைத்திருக்கும் லிக்னின் என்ற பொருள் இளகி அதுவே ஒட்டிக்கொள்கிறது. காய்ந்த மட்டை கிலோவுக்குச் சுமார் 17 மெகாஜூல் வெப்பம் தரும், காய்ந்த விறகும் ஏறத்தாழ அவ்வளவுதான், அதனால் சூட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது முதல் மூட்டைக்கு வருகிறேன். அது பெரும்பாலும் ஓலை. நாலைந்து நாள் எரித்த பிறகு பார்த்தால் சாம்பல் பொடியாக உதிரவே இல்லை, அடுப்புக் கம்பித் தட்டின் இடுக்குகளில் உருகி இறுகிய கண்ணாடி மாதிரி சாம்பல் நிறக் கட்டியாகப் பிடித்துக்கொண்டது, ஸ்க்ரூடிரைவரால் நெம்பித்தான் எடுத்தேன். காரணம் ஓலையில் இருக்கும் சிலிக்காவும் (மணலில் உள்ள அதே பொருள்) பொட்டாசியமும்தான், இரண்டும் சேர்ந்தால் சாம்பல் குறைந்த சூட்டிலேயே உருகிவிடும். போதாததற்குக் குளோரினும் உண்டு, அது நாளடைவில் இரும்பை அரிக்கும். அளவிலும் சாம்பல் அதிகம்: நல்ல விறகில் நூற்றுக்கு ஒன்று என்றால் ஓலையில் பத்தைக்கூடத் தாண்டும். விற்றவர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, மூட்டையிலும் எழுதவில்லை, அது எனக்கு உண்மையிலேயே கோபம்.

இரண்டாவது மூட்டை வேறு இடத்தில் வாங்கியது, மட்டைத் தண்டும் கொட்டையும் கலந்தது. அப்படியே வேறு சரக்கு! கொட்டையில் எண்ணெய் இருப்பதால் சுவாலை நீளமாக, மஞ்சளாக நிற்கிறது, சாம்பலும் தட்டிவிட்டால் கீழே விழுந்துவிடுகிறது. வாரம் ஒருமுறை தட்டைச் சுரண்டுகிறேன், அவ்வளவுதான்.

ஈரம் மட்டும் ஆகவே ஆகாது. ஒரு மழை நாளில் மூட்டை வாயைக் கட்டாமல் விட்டதில் மேலே இருந்த கட்டிகள் ஊதி, விரல் பட்டதும் தவிடாக உதிர்ந்தன. மூடி போட்ட டிரம்மில் வையுங்கள்.

இவ்வளவு தொல்லை எதற்கு, விறகே வாங்கலாமே என்று கேட்கலாம். ஒரு பேரீச்சை மரத்தில் ஆண்டுதோறும் பத்துக்கு மேல் மட்டைகள் காய்ந்துபோகும், முள்ளோடு தொங்கும் அவற்றை எப்படியும் கழித்தாக வேண்டும். எகிப்து, சவுதி, ஈரான், அல்ஜீரியா என்று உலகம் முழுக்க 10 கோடி மரங்களுக்கு மேல் இருக்கின்றன. கழித்ததைத் தோப்பிலேயே குவித்துக் கொளுத்துவது பல இடங்களில் வழக்கம், வெட்டிப்போட்ட அடிமரத்தை அப்படியே விட்டாலோ மரத்தைக் குடைந்து தின்னும் சிவப்புக் கூன்வண்டு அதில் பெருகி நல்ல மரத்துக்குத் தாவும். வீணாகப் புகையாகிற அதே மட்டை என் அடுப்பில் எரிந்தால் ஒரு மரத்தையும் வெட்ட வேண்டாம், அடுத்த ஆண்டு அதே மரம் மறுபடி தரும். எனக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

சின்ன அடுப்பு, காற்று வரும் துளைகள் குறுகல் என்றால் ஓலைக் கட்டி பக்கமே போகாதீர்கள். தட்டைக் கழற்றிச் சுரண்டும் வசதி இருந்தால் மட்டை-கொட்டைக் கலவையில் ஒரே ஒரு மூட்டை வாங்கி எரித்துப் பாருங்கள். தயாரிப்பவர்கள் யாராவது படித்தால்: ஓலையைத் தனியாகப் பிரியுங்கள், சாம்பல் அளவை மூட்டையில் அச்சிடுங்கள்.