கையை விட்டு ஓட்டும் கார்: எது ஸ்டீயரிங்கை எப்படித் திருப்பித் தருகிறது?

கார் தானே ஸ்டீயரிங்கைத் திருப்பி ஓட்ட உதவும் அமைப்புகளில் நெடுஞ்சாலைக்கும் மலைப்பாதைக்கும் எது சரி? ஜி.எம்.மின் (ஜெனரல் மோட்டார்ஸ்) சூப்பர் க்ரூஸ், ஃபோர்டின் ப்ளூக்ரூஸ், டெஸ்லாவின் எஃப்.எஸ்.டி. (ஃபுல் செல்ஃப்-டிரைவிங்) மூன்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டு, சூப்பர் க்ரூஸ் உள்ள வண்டியை வாங்கினேன். சொந்தமாக வைத்து ஓட்டுவது அதை மட்டும்தான். மற்ற இரண்டும் நண்பர்களின் வண்டிகளில் பழகியவை. என் சாய்வு எந்தப் பக்கம் என்பது தெரிந்தே படியுங்கள்.

நேரான நெடுஞ்சாலையில் மூன்றுமே நன்றாக ஓட்டுகின்றன. முன்னால் போகும் வண்டியோடு இடைவெளி விடுவது, லேனின் நடுவில் போவது, நெரிசலில் ஊர்ந்து நின்று மறுபடி கிளம்புவது எதிலும் பெரிய வித்தியாசம் இல்லை. தினமும் வேலைக்குப் போய்வருகிறவருக்குத் தோள்வலி இல்லாமல் வீடு திரும்புவதே பெரிய லாபம். மூன்றும், தானே ஓட்டும் திறனை நிலைகளாகப் பிரிக்கும் எஸ்.ஏ.இ. என்ற பொறியாளர் சங்கத்தின் வகைப்பாட்டில் இரண்டாம் நிலைதான்: கை ஸ்டீயரிங்கில் இல்லாவிட்டாலும் கண்ணை எடுக்கக்கூடாது, ஓட்டுகிற பொறுப்பு முழுக்க நம்முடையது. மெர்சிடிஸின் டிரைவ் பைலட் மூன்றாம் நிலையில் வந்தது: அது ஓட்டும்போது சாலையிலிருந்து கண்ணையும் எடுக்கலாம். ஆனால் அமெரிக்காவில் அது மணிக்கு 40 மைல் வேகத்துக்குள், கலிஃபோர்னியா, நெவாடா நெடுஞ்சாலை நெரிசலுக்கென அனுமதி பெற்றது என்பதால் மலைக்குப் போகிறவருக்கு உதவவில்லை.

வேறுபாடு, சாலையை எப்படித் தெரிந்துகொள்கின்றன என்பதில் தொடங்குகிறது. சூப்பர் க்ரூஸ் 2017-இல் கேடிலாக் சிடி6 காரில் வந்தது. லைடார் (லேசர் ஒளியால் தூரத்தை அளக்கும் கருவி) வைத்து முன்கூட்டியே அளந்த வரைபடத்தில் இருக்கும் சாலையில்தான் கையை விட அனுமதிக்கும். அமெரிக்காவிலும் கனடாவிலும் அந்த வரைபடத்தை ஏறக்குறைய 7,50,000 மைலுக்கு விரிப்பதாக 2024-இல் அறிவித்தார்கள். 2021-இல் வந்த ப்ளூக்ரூஸும் இதே வழிதான். ஆனால் எதிர்த்திசைப் போக்குவரத்து பிரிக்கப்பட்ட நெடுஞ்சாலைகளோடு நின்றுகொள்கிறது. எஃப்.எஸ்.டி. இப்படிப் பட்டியல் வைத்துக்கொள்வதில்லை. கேமராக்கள் காட்டுவதை வைத்து ஊருக்குள்ளும் ஓடும், மலையிலும் ஓடும். 2024 முதல், கண் சாலையில் இருக்கும்வரை ஸ்டீயரிங்கைத் தொடச் சொல்லி நச்சரிப்பதும் குறைந்துவிட்டது.

ஆக, மலைப்பாதையில் ஓடக்கூடியது எது என்று மட்டும் கேட்டால் விடை எஃப்.எஸ்.டி. நண்பரின் வண்டி கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கோட்டைத் தொடாமல் திரும்பியதைப் பக்கத்து இருக்கையிலிருந்து பார்த்து வியந்திருக்கிறேன். அப்படியும் அதை வாங்காததற்கு ஒரே காரணம்தான்: ஸ்டீயரிங் கைமாறும் அந்தக் கணம்.

இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 மீட்டர் ஆரமுள்ள மலை வளைவு, மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம். லேனுக்குள் காரின் பக்கவாட்டில் 80 சென்டிமீட்டர் இடம் இருக்கிறது. அந்த வளைவில் வண்டி திரும்புவதை நிறுத்தி நேராகப் போகத் தொடங்கினால், சுமார் 10 மீட்டரில் கோட்டைத் தாண்டிவிடும். அந்த வேகத்தில் 10 மீட்டர் என்பது ஒரு வினாடிக்கும் குறைவு. மடியில் இருக்கும் கை எழுந்து ஸ்டீயரிங்கைப் பிடித்து, எவ்வளவு திருப்புவது என்று மூளை முடிவெடுப்பதற்குள் எதிர் லேனிலோ ஓரச் சுவரிலோ இருப்போம். நேரான நெடுஞ்சாலையில் அதே கைமாற்றத்துக்குச் சில வினாடிகள் கிடைக்கும். வளைவில் கண் சாலையில் இருந்தால் மட்டும் போதாது, கையும் ஸ்டீயரிங்கில் இருக்க வேண்டும். எந்த நிறுவனத்தின் மென்பொருளாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

கேமராவை மட்டும் நம்பும் முறைக்கு மலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு வளைவு திரும்பியதும் மாலை வெயில் நேராகக் கண்ணாடியில் அடிக்கும்; அடுத்த வளைவில் மூடுபனி. வெயில் கூச்சம், பனி, தூசி போன்ற பார்வைக் குறைவில் நடந்த விபத்துகளை வைத்துத்தான் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு ஆணையமான என்.எச்.டி.எஸ்.ஏ., 2024 அக்டோபரில் எஃப்.எஸ்.டி. பற்றிய விசாரணையைத் தொடங்கியது. ஓட்டுநரே தடுமாறும் அதே இடத்தில் கருவியும் தடுமாறினால், கைமாற்றி என்ன பயன்?

சூப்பர் க்ரூஸில் எனக்குப் பிடித்தது, அது கையைத் திருப்பிக் கேட்கும் விதம். ஸ்டீயரிங் வளையத்தின் மேற்பகுதியிலேயே ஒரு விளக்குப் பட்டை. பச்சை எரிந்தால் அது ஓட்டுகிறது, நீலம் எரிந்தால் நான் ஓட்டுகிறேன், சிவப்பு என்றால் உடனே பிடி. ஓட்டுவது யார் என்ற குழப்பமே வருவதில்லை. உள்ளே ஓர் அகச்சிவப்புக் கேமரா கண்கொத்திப் பாம்பாக முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். கண் விலகினால் பச்சை மினுங்கும். அப்புறமும் கவனிக்காவிட்டால் எச்சரிக்கை கூடிக்கொண்டே போய், கடைசியில் வண்டியை நிறுத்திவிடும். அளந்த சாலை எங்கே முடிகிறது என்பதும் வரைபடத்திலேயே இருக்கிறது. மலையடிவாரத்துக்கு வந்ததும் அது விலகிக்கொள்வதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதுதான் அதன் சிறந்த குணம்.

இதற்காக அதைத் தலையில் தூக்கிவைத்துக்கொள்ளவும் இல்லை. ஐ.ஐ.எச்.எஸ். என்ற காப்பீட்டுத் துறை ஆய்வு நிறுவனம் 2024 மார்ச்சில் 14 அமைப்புகளின் பாதுகாப்பு ஏற்பாடுகளை மதிப்பிட்டது. லெக்ஸஸின் ஒரே ஓர் அமைப்புதான் ‘ஏற்கத்தக்கது’ என்ற தரம் பெற்றது. சூப்பர் க்ரூஸ் அதற்கும் ஒரு படி கீழே. ப்ளூக்ரூஸ், எஃப்.எஸ்.டி. உட்பட 11 அமைப்புகள் ‘மோசம்’.

ப்ளூக்ரூஸ் பற்றிச் சுருக்கமாக: ஓட்டும் விதம் மென்மையானது, கையை விட அனுமதித்த நெடுஞ்சாலைக்கு வெளியே போனால் கையை வைக்கச் சொல்லிவிட்டு லேன் உதவியைத் தொடர்கிறது. வேலைக்குப் போய்வர மட்டும் என்றால் தாராளமாக எடுக்கலாம். இரவு நெடுஞ்சாலையில் நின்றிருந்த வண்டிகள் மீது மோதிய விபத்துகளை ஒட்டி 2024 ஏப்ரலில் இதன்மீதும் விசாரணை தொடங்கியது. அதனால் இருட்டிய பிறகு எந்தக் கார் என்றாலும் நான் கையை ஸ்டீயரிங்கிலேயே வைத்துக்கொள்கிறேன்.

மலையில் நான் பயன்படுத்துவது வேகத்தை மட்டும் பார்த்துக்கொள்ளும் க்ரூஸ் கண்ட்ரோலைத்தான், அதுவும் ஏற்றத்தில். இறக்கத்தில் அதையும் அணைத்துவிட்டு, கியரைக் குறைத்து எஞ்சின் பிரேக்கிங்கில் இறங்குவேன். மின்சார வண்டியில் இது கொஞ்சம் வேறு மாதிரி. பேட்டரி நிறைந்திருந்தால் மோட்டார் பிரேக் குறைவாகத்தான் பிடிக்கும். பனி படர்ந்த சாலையில் இந்த அமைப்புகளோடு எனக்கு அனுபவம் மிகக் குறைவு, அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். எஃப்.எஸ்.டி.யின் மென்பொருளும் அடிக்கடி மாறுகிறது. நான் பார்த்தது ஒரு பதிப்பு, நீங்கள் பார்ப்பது வேறாக இருக்கலாம்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் கையை விட்டு ஓட்டும் வசதிக்குச் சந்தா உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். புதியது என்றால், விற்பனையாளர் நேரான சாலையில்தான் ஓட்டிக்காட்டுவார். அனுமதிக்கப்பட்ட பகுதி முடிகிற இடம்வரை கூட்டிப்போகச் சொல்லுங்கள். அங்கே எச்சரிக்கை வந்ததிலிருந்து உங்கள் கை ஸ்டீயரிங்கைப் பிடிக்கும்வரை வண்டி எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள்.